எங்கள் வீட்டுச் சருகுமான்

பாயான் பாருவில் எங்கள் வீட்டு முற்றம் சிறியது. ஒரு துளசிச் செடி, ஒரு கறிவேப்பிலைக் கன்று, ஒரு கார் ஆகிய மூன்றுக்கு மேல் அதில் இடமில்லை. கார் நிற்கும் இடத்தில் முப்பது ஆண்டுகளாக நின்று வருவது ஒரு பெரோடுவா கஞ்சில். வாங்கிய புதிதில் அது செம்பருத்திப் பூவின் நிறத்தில் இருந்தது. வெயிலும் மழையும் மாறி மாறி அடித்ததில் இன்று பழஞ்செங்கல்லின் நிறத்துக்கு வந்துவிட்டது. 'கஞ்சில்' என்னும் மலாய்ச் சொல்லுக்குத் தமிழில் சருகுமான் என்று பொருள். காட்டில் உதிர்ந்து கிடக்கும் சருகுகளுக்கு நடுவே மறைந்து திரியும் அந்தச் சிற்றுயிரின் பெயரை ஒரு சின்னஞ்சிறு காருக்கு இட்டவர் நல்ல சுவையுணர்வு உடையவராகவே இருந்திருக்க வேண்டும்.

2025ஆம் ஆண்டு என் பேத்திக்கு நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் இடம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பொறியியல் கற்கப் போகும் முதற்பெண் அவள். வாழ்த்தும் விருந்தும் முடிந்த ஒரு மாலைப்பொழுதில் அவள் என்னருகில் வந்து அமர்ந்தாள்.

"தாத்தா, நீங்கள் இப்போது சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டுந்தானே காரை எடுக்கிறீர்கள்? அதை எனக்குக் கொடுத்துவிடுங்களேன். வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவேன். இரண்டாம் பாலத்தில் ஏறினால் நேர்வழி."

என் மனைவிக்கு அந்த யோசனை உடனே பிடித்துவிட்டது. "சும்மா நிற்கிற வண்டிதானே? பிள்ளைக்கு உதவட்டுமே" என்றாள். நானும் இசைவு தெரிவிக்க வாயெடுத்தேன். அப்பொழுது சமையலறை வாயிலில் நின்றிருந்த என் மகள், "அப்பா, அந்த வண்டி வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சொல்லும்போது அவள் கை, அவள் அறியாமலே, இடப்புருவத்துக்கு மேலிருக்கும் பழைய தழும்பைத் தொட்டுவிட்டுக் கீழிறங்கியது.

அந்தத் தழும்பு எப்படி வந்தது என்பதைப் பேத்தி அறியாள். நான் அறிவேன். இக்கட்டுரையை என்னை எழுத வைத்ததும் அதுவே.

இன்றைய பாயான் பாருவைக் காண்போரிடம், இது ஒரு காலத்தில் வயற்காடாக இருந்தது என்றால் நம்ப மாட்டார்கள். 1969ஆம் ஆண்டில் தோன்றிய பினாங்கு மேம்பாட்டுக் கழகம், 1970ஆம் ஆண்டுகளில் இந்த நகரை எழுப்பத் தொடங்கியது. 1972இல் பக்கத்திலேயே பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிக வட்டாரம் பிறந்தது. மின்னணுத் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஏர் பிடித்த நிலத்தில் இயந்திரங்கள் ஓடின. என் மனைவியும் அத்தொழிற்சாலைகளுள் ஒன்றில் பகல், மாலை, இரவு என்று முறை மாற்றி வேலை செய்தவள். நான் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பித்து வந்தேன். எங்கள் இருவருக்கும் பிள்ளைகள் இருவருக்குமாகச் சேர்த்து எங்களிடம் இருந்தது ஒரு ஹோண்டா மோட்டார் சைக்கிள்.

நால்வரும் அதில் ஏறுவதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். மகன் எனக்கு முன்னால் நின்றுகொண்டு கைப்பிடியைப் பற்றிக்கொள்வான். மகள் எனக்கும் தன் தாய்க்கும் இடையில் ஒடுங்கிக்கொள்வாள். மனைவி கடைசியில், மடியில் ஒரு பையோடு, ஒரு பக்கமாக அமர்ந்திருப்பாள். மழை பிடித்துக்கொண்டால் ஏதாவது ஒரு மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குவோம். அங்கே எங்களைப் போலவே ஒதுங்கிய குடும்பங்கள் பல நிற்கும். ஈரத் தலைகளைத் துவட்டிக்கொண்டே ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்துகொள்வோம். இன்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. அன்று பதறவில்லை. ஊரே அப்படித்தான் போய்வந்தது.

மலேசியச் சாலைகளில் உயிர் இழப்போருள் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். பல்லாண்டுகளாகியும் மாறாத உண்மை இது. 1970ஆம் ஆண்டுகளிலேயே கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனித்தடம் அமைத்த நாடு இது. இருந்தும் அத்துயரம் தீரவில்லை. காருக்குள் இருப்பவரைச் சுற்றி இரும்பு இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் இருப்பவரைச் சுற்றிக் காற்றுதான் இருக்கிறது. சிறிய காரின் நன்மை தீமைகளை ஆராயப் புகும் எவரும் இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில், சிறிய கார் வாங்குகிறவன் பெரிய காரை விட்டுவிட்டு அதற்கு வருவதில்லை. பெரும்பாலும் அவன் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கித்தான் அதில் ஏறுகிறான்.

1985இல் புரோட்டோன் சாகா வந்தது. அதே ஆண்டில் பினாங்குப் பாலமும் திறக்கப்பட்டது. அதுவரை தீவையும் பெருநிலத்தையும் இணைத்தது படகுப் போக்குவரத்துதான். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தின்மீது புதிய சாகாக்கள் விரைந்த காட்சியை வேடிக்கை பார்த்தோம். எங்கள் சம்பளத்துக்கு அது எட்டாக் கனி. பிறகு 1993இல் பெரோடுவா நிறுவனம் தொடங்கப்பட்டது. 1994இல் கஞ்சில் வெளிவந்தது. ஜப்பானிய டைஹாட்சு மீரா காரை அடியொற்றி அமைந்தது அது. ஜப்பானில் மிகச் சிறிய கார்களுக்கென்றே 'கெய்' என்றொரு வகை உண்டு. போர் முடிந்தபின் 1949இல் வகுக்கப்பட்ட பிரிவு அது. இத்தனை நீளம், இத்தனை அகலம், இயந்திரம் இத்தனை கொள்ளளவு என்று சட்டமே அளவு சொல்லும். 1990 முதல் அந்த இயந்திர அளவு 660 சிசி. கஞ்சிலின் மூன்று உருளை இயந்திரமும் அந்த அளவினதே. பின்னாளில் 850 சிசி இயந்திரத்தோடும் அது வந்தது. 2009இல் அதன் உற்பத்தி நின்றது.

1995இல் நாங்கள் அதை வாங்கினோம். மூன்றரை மீட்டருக்கும் குறைந்த நீளம். ஒன்றரை மீட்டருக்கும் குறைந்த அகலம். ஏறத்தாழ 700 கிலோ எடை. 12 அங்குலச் சக்கரங்கள். கடையிலிருந்து வீட்டுக்கு ஓட்டி வந்த அன்று அண்டை வீட்டார் வந்து சுற்றிப் பார்த்தார்கள். "வாத்தியாரே, இதற்கு மூடி எங்கே?" என்று ஒருவர் கேலி செய்தார். தமிழாசிரியர்களாகிய நாங்கள் காரைச் சீருந்து என்போம், மகிழுந்து என்போம். முதல் மழையன்று பிள்ளைகள் நனையாமல் பள்ளிக்குப் போய் இறங்கியபோது, மகிழுந்து என்னும் சொல்லின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது.

அதன் பயன்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஒரு நூலே எழுதலாம். ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்கள் கார்களுக்காகப் பிறந்தவை அல்ல. 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய பின், மாட்டு வண்டியும் கைவண்டியும் செல்வதற்கென அமைந்த தெருக்கள் அவை. இன்று அவை யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் 2008 முதல் இடம்பெற்றிருக்கின்றன; ஆகவே அகலமாக்கவும் இயலாது. தீபாவளிக்கு முன்பு லிட்டில் இந்தியாவுக்குத் துணி எடுக்கப் போகிறவர்களுக்கு வண்டி நிறுத்த இடம் தேடுவதே ஒரு தவம். பெரிய கார்கள் மூன்று சுற்று சுற்றி வருவதற்குள் எங்கள் கஞ்சில் இரண்டு கார்களுக்கு இடையிலிருந்த இடைவெளியில் நுழைந்து நின்றுவிடும். குறுகிய சந்திலும் ஒரே வளைப்பில் திரும்பிவிடும். பெட்ரோலை அளந்து அளந்துதான் குடிக்கும். தீபகற்ப மலேசியாவில் 1000 சிசிக்கு மேற்படாத தனியார் காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 20 ரிங்கிட் மட்டுமே. பின்னிருக்கையை மடக்கினால் இரண்டு அரிசி மூட்டைகளும், வாழைத்தாரும், பந்தல் தோரணத்துக்கான தென்னங்குருத்தும் உள்ளே போய்விடும். ஓர் ஆசிரியனின் குடும்பத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

இங்கேதான் நான் தவறினேன். சிறியது நன்றாக உழைக்கிறது என்று கண்டதும், அதனால் எதுவும் இயலும் என்று எண்ணத் தொடங்கினேன்.

1996ஆம் ஆண்டுத் தைப்பூசம். தண்ணீர்மலையில் இரவு வரை இருந்துவிட்டு வீடு திரும்பினோம். காரில் நாங்கள் நால்வர், என் தாயார், என் தங்கை, அவள் கைக்குழந்தை என ஏழு பேர். மகன் முன்னிருக்கையில் தாயின் மடியில் இருந்தான். பின்னால் என் தாயாரும், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தங்கையும் அமர்ந்திருந்தார்கள். அப்போது ஐந்தாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்த மகள், இருக்கையின் விளிம்பில் அமர்ந்து, முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவே தலையை நீட்டி எனக்குக் காவடிகளைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டே வந்தாள். முன்னிருக்கையில் இருப்போர் வார் அணிய வேண்டும் என்ற சட்டம் 1979 முதல் இருந்தது. ஆகவே நான் அணிந்திருந்தேன். மடியில் பிள்ளை இருந்ததால் மனைவி அணியவில்லை. பின்னிருக்கைக்கு அத்தகைய சட்டம் 2009இல்தான் வந்தது. அந்நாளில் அதைப் பற்றி யாரும் எண்ணியதுமில்லை.

கிரீன் லேன் சாலையில் வந்துகொண்டிருந்தபோது, முன்னால் சென்ற ஒரு மோட்டார் சைக்கிள் திடீரென்று தடுமாறியது. நான் பிரேக்கை முழு வலுவோடு மிதித்தேன். அந்தச் சிறிய வண்டி தன்மேல் ஏற்றிய சுமையோடு இழுபட்டுச் சென்று, மோட்டார் சைக்கிளுக்கு ஒரு முழம் முன்னதாக நின்றது. எதன்மீதும் மோதவில்லை. காருக்கு ஒரு கீறல்கூட இல்லை. கீறல் என் மகளுக்குத்தான். முன்னால் வீசப்பட்டவள், கியர்த் தண்டுக்கு மேலிருந்த விளிம்பில் நெற்றியை அடித்துக்கொண்டாள். என் வெள்ளைச் சட்டையின் கைப்பகுதி முழுதும் சிவந்தது. மருத்துவமனையில் ஏழு தையல் போட்டார்கள்.

அவள் அழவில்லை. "வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே, அப்பா?" என்றுதான் கேட்டாள். அந்தக் கேள்வி இன்றும் என்னை விட்டபாடில்லை.

இதைவிட நாணத்தக்க செய்தி ஒன்று உண்டு. மயிலிறகையும் வண்டியின் அச்சையும் வைத்து வள்ளுவர் சொன்ன குறளை அந்த வாரத்தில்தான் என் மாணவர்களுக்கு நடத்தியிருந்தேன். வலியறிதல் என்னும் அதிகாரத்தை எத்தனையோ ஆண்டுகள் கற்பித்தவன் நான். செயலின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணைவரின் வலி என்று கரும்பலகையில் நான்காகப் பிரித்து எழுதியவன். அச்சு முறியாத வரையில் வண்டியில் ஏற்றலாம் என்று மட்டும் எப்படியோ எண்ணிக்கொண்டிருந்தேன். முறிவது அச்சாகத்தான் இருக்க வேண்டுமா?

அடுத்த வாரம் பள்ளியில் இயற்பியல் கற்பித்த நண்பரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் குறைகூறவில்லை. ஆசிரியர் அறையில் கிடந்த கேரம் பலகையை மேசைமீது வைத்து, ஒரு காயையும் அடிகாயையும் நேருக்கு நேர் சுண்டிவிட்டார். அடிகாய் சற்றே தயங்கி முன்னேறியது. சிறிய காய் வந்த வழியே பின்னோக்கிப் பறந்தது. பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

700 கிலோ எடையுள்ள காரும் 1,400 கிலோ எடையுள்ள காரும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்து மோதி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். மோதிய பின் இரண்டும் சேர்ந்து, பெரிய கார் சென்ற திசையில், ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். பெரிய காரில் இருப்பவரின் வேகம் 50இலிருந்து 17ஆகக் குறைந்தது, மாற்றம் 33. சிறிய காரில் இருப்பவரோ முன்னோக்கிய 50 முழுவதையும் இழந்து, பின்னோக்கி 17 வேகத்தில் தள்ளப்படுகிறார், மாற்றம் 67. அதாவது சரியாக இரண்டு மடங்கு. உடலைச் சிதைப்பது இந்த மாற்றந்தான். எடை பாதியானால் அடி இரட்டிப்பாகும்.

"இது எடையால் வருவது. நீளத்தாலும் ஒன்று வரும்" என்று அவர் தொடர்ந்தார். காரின் முன்பகுதி நசுங்குவது பார்வைக்குக் கொடுமையாகத் தோன்றினாலும் அதுவே நம்மைக் காப்பது. நசுங்கும் பகுதி ஒரு மீட்டர் இருந்தால், அந்த ஒரு மீட்டருக்குள் நம் வேகம் படிப்படியாக அடங்கும். அரை மீட்டர்தான் என்றால், அதே வேகம் பாதி தூரத்தில் அடங்க வேண்டும். அடியின் வலு இரண்டு மடங்காகும். பேலா பரேனியி என்னும் பொறியாளர் கண்ட உண்மை இது. அவர் கருத்தின்படி 1959இல் மெர்சிடிஸ் நிறுவனம் நசுங்கும் முன்பகுதியையும் நசுங்காத நடுக்கூட்டையும் கொண்ட காரை வெளியிட்டது. அதே ஆண்டில் வோல்வோ நிறுவனத்தின் நீல்ஸ் போலின் மார்பையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் முப்புள்ளி வாரை அமைத்துத் தந்தார். அதே 1959இல்தான் பிரிட்டனில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி வெளிவந்தது. இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்து, மூன்று மீட்டருக்குச் சற்றே கூடிய நீளத்தில் நால்வரை அமர்த்திக் காட்டினார் அவர். பயணிகளுக்கு இடம் கிடைத்தது. ஆனால் அவர்களுக்கு முன்னால் நசுங்குவதற்கென இருந்த இடம் குறைந்தது. சிறிய காரின் பெருமையும் இடரும் ஒரே கருவில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் என்பது இதனால் விளங்கும்.

அன்று கேரம் பலகையில் கண்டதை, பல ஆண்டுகளுக்குப் பின் உலகமே மெய்யான கார்களில் கண்டது. 2009இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் மூன்று சிறிய கார்களை, அவ்வந்நிறுவனத்தாரின் நடுத்தரக் கார்களோடு மோத விட்டது. ஸ்மார்ட் மெர்சிடிஸ் சி வகையோடும், ஹோண்டா ஃபிட் அக்கார்டோடும், டொயோட்டா யாரிஸ் கேம்ரியோடும் மோதின. ஒவ்வொரு காரின் வேகமும் மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர். அச்சிறிய கார்கள் மூன்றும் தனித்தடுப்பில் மோதிய சோதனைகளில் நல்ல பெயர் எடுத்தவை. பெரிய காரோடு மோதியபோது மூன்றும் கடைசித் தரத்தையே பெற்றன. தன் எடைக்கு ஏற்ற தேர்வில் வெற்றி பெற்றவன், தன்னினும் இரு மடங்கு எடையுள்ளவனோடு மற்போர் புரிய முடியாது என்பதே அதன் பாடம். கார்களின் விளம்பரத்தில் நட்சத்திரங்களைக் காணும் நம் இளைஞர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அந்த நட்சத்திரங்கள் ஒத்த எடையுள்ள கார்களை ஒப்பிட உதவுமே அன்றி, சிறியதைப் பெரியதோடு ஒப்பிட உதவா.

அப்படியென்றால் சிறிய காரில் பாதுகாப்பைத் தேடுவது வீண் முயற்சியா? அன்று. 2014இல் உலகக் கார் மதிப்பீட்டு அமைப்பு இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறிய கார்களை மோதிச் சோதித்தது. டாடா நானோவும், மாருதி ஆல்டோ 800உம் அவற்றுள் அடங்கும். காற்றுப்பை இல்லாத நிலையில் ஐந்தும் பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. ஆனால் அவற்றுள் ஒன்றான வோக்ஸ்வேகன் போலோவை இரண்டு காற்றுப்பைகளோடு மறுபடி சோதித்தபோது அது நான்கு நட்சத்திரங்கள் பெற்றது. கார் அதேதான், நீளமும் மாறவில்லை. உள்ளே இருக்கும் மனிதனின் உயிருக்கு எவ்வளவு செலவிடலாம் என்னும் முடிவுதான் மாறியது.

நம் நாட்டிலும் அந்த மாற்றம் வந்தது. மலேசியச் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகத்தின் துணையோடு 2011இல் ஆசியான் கார் மதிப்பீட்டு அமைப்பு உருவாயிற்று. 2014இல் கஞ்சிலின் வழித்தோன்றலாக வந்த பெரோடுவா அக்சியா, எல்லா வகையிலும் இரண்டு காற்றுப்பைகளோடு வந்து நான்கு நட்சத்திரங்கள் பெற்றது. ஏழைக்கு மலிவான கார், செல்வனுக்குப் பாதுகாப்பான கார் என்றிருந்த வழக்கத்தில் முதல் விரிசல் விழுந்தது. பாதுகாப்பு, விலைகொடுத்து ஏற்றிக்கொள்ளும் அலங்காரப் பொருளன்று. அரிசிக்குக் கல் நீக்குவது போன்ற அடிப்படைக் கடமை என்று நான் கருதுகிறேன்.

இவ்வளவையும் மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேத்தியிடம், "அம்மா, அந்த வண்டி பாலத்துக்கு ஆகாது" என்றேன். தழும்பின் கதையையும் மறைக்காமல் சொன்னேன். அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, பொறியியல் மாணவிக்கே உரிய முறையில் ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்படியானால் என் தோழியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து வருகிறேன், தாத்தா. அதைவிடக் கஞ்சில் மோசமா?"

எனக்கு விடை தெரியவில்லை. இல்லை, தெரிந்தது, சொல்லத்தான் முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு மேம்பாலத்தின் அடியில் நனைந்து நின்ற நானே என் முன்னால் வந்து நின்று கேட்பது போலிருந்தது. ஒரு ஸ்கூட்டரில் நனைந்து செல்லும் குடும்பத்தைக் கண்டதே நானோ காரை உருவாக்கத் தமக்குத் தூண்டுதலாயிற்று என்று இரத்தன் டாடா சொன்னதுண்டு. அந்தக் கார் 2009இல் சாலைக்கு வந்தது, 2018இல் நின்றுபோனது. அதன் பாதுகாப்பைக் குறை சொன்னவர்கள் சரியாகவே சொன்னார்கள். ஆயினும், "இது ஆபத்தானது, வாங்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்தக் குடும்பத்தை மறுபடி ஸ்கூட்டரிலேயே ஏற்றி அனுப்புவது அறிவுரை ஆகாது. நான் பேத்திக்குச் செய்யப் பார்த்ததும் அதுவேயன்றோ?

பத்து மாவுங்கிலிருந்து பத்து காவான் செல்லும் இரண்டாம் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அணுகுசாலைகளையும் சேர்த்து அதன் நீளம் 24 கிலோமீட்டர். கடற்காற்று தடையின்றி வீசும் இடம். பெரிய லாரி ஒன்று கடந்து செல்லும்போது, 700 கிலோ வண்டி ஓர் அடி விலகி மறுபடி தன் தடத்துக்கு வருவதை ஓட்டுகிறவனின் கைகள் உணரும். எங்கள் கஞ்சிலில் காற்றுப்பை இல்லை. சக்கரங்களின் ரப்பர், ஓடாமல் நின்றாலும் ஆண்டுகள் ஏற ஏற இறுகிப்போகும். இருக்கை வாரின் இழைகளும் வெயிலில் நைந்துபோகும். மனிதன் உழைத்து முதுமை அடைகிறான். வண்டியோ சும்மா நின்றும் முதுமை அடைகிறது. பாலத்தைக் கடந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால், 110 கிலோமீட்டர் வரை செல்லச் சட்டம் இடம் தருகிறது. 80இலிருந்து 110க்குப் போகும்போது வேகம் சிறிதளவே கூடியதாக நமக்குத் தோன்றும். ஆனால் மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அது ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் இந்தக் கணக்கைத் தாளில் போடத் தெரியும். காலடியில் போடத் தெரியாது.

அன்றிரவு நாங்கள் மூவரும் கூடிப் பேசினோம். என் மனைவி தன் சேமநிதிப் பணத்தில் மிச்சம் வைத்திருந்ததை எடுத்துத் தருவதாகச் சொன்னாள். என் ஓய்வூதியத்தில் மாதந்தோறும் ஒரு பங்கு தர நான் இசைந்தேன். மகள் மீதியை ஏற்றாள். நான்கைந்து ஆண்டுகள் ஓடிய, காற்றுப்பைகளும் வழுக்கலைத் தடுக்கும் கட்டுப்பாட்டுக் கருவியும் உள்ள ஒரு காரை வாங்குவதென்று முடிவாயிற்று. அதுவும் சிறிய கார்தான். பெரியது வாங்க எங்களால் முடியாது. அவளுக்குத் தேவையும் இல்லை. ஆனால் சிறியதிலும் வலியறிந்து செய்ததொன்று உண்டு, வலியறியாமல் விட்டதொன்று உண்டு. அந்த வேறுபாட்டுக்குத்தான் நாங்கள் பணம் சேர்த்தோம்.

கார் கைக்கு வர இரண்டு மாதங்கள் ஆயின. அந்த இரண்டு மாதங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே அவளைக் கஞ்சிலில் கொண்டுபோய் விட்டேன். பட்டறையில் சக்கரங்களையும் பிரேக்கையும் முன்னிருக்கை வார்களையும் புதிதாக மாற்றிய பிறகே புறப்பட்டேன். இருவர் மட்டும், ஒரு பெட்டி மட்டும், பட்டப்பகலில், மழையில்லாத நேரத்தில், இடப்பக்கத் தடத்தில், 70 கிலோமீட்டருக்கு மேற்படாமல். நெடுஞ்சாலையில் ஏறாமல் உள்சாலை வழியாகவே நிபோங் திபாலை அடைவோம். இதனால் அந்தக் காருக்குக் காற்றுப்பை முளைத்துவிடவில்லை. ஆபத்து நீங்கிவிட்டது என்றும் நான் சொல்ல மாட்டேன். குறைந்தது, அவ்வளவே. நம்மைக் கடந்து சென்றவர்கள் சிலர் ஒலியெழுப்பினார்கள், சிலர் சிரித்தார்கள்.

மலாய் மக்களின் கதைகளில் வரும் சாங் கஞ்சில் என்னும் சருகுமானை நம் பிள்ளைகள் எல்லாரும் அறிவார்கள். ஆற்றைக் கடக்க விரும்பிய அது, முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, எண்ணுவது போல் ஒவ்வொன்றின் முதுகிலும் மிதித்துக்கொண்டே அக்கரை சேர்ந்தது. அதன் துணிவைப் பாராட்டி அக்கதையைச் சொல்வார்கள். நான் அதன் அளவறிவைப் பாராட்டுகிறேன். முதலையோடு அது மல்லுக்கு நின்றதில்லை. தான் சிறியது என்பதை ஒரு கணமும் மறந்ததில்லை. மறந்திருந்தால் கதை ஆற்றின் நடுவிலேயே முடிந்திருக்கும்.

இதைப் படிக்கும் ஆசிரியத் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். சிறிய காரை இகழாதீர்கள். அது எத்தனையோ எளிய குடும்பங்களை மழையிலிருந்தும் மரணத்திலிருந்தும் காத்திருக்கிறது. அதை நம்பி அளவு மீறவும் மீறாதீர்கள். எத்தனை பேர், எந்தச் சாலை, என்ன வேகம் என்ற மூன்றையும் சாவியைத் திருப்புமுன் எண்ணிப் பாருங்கள். பின்னிருக்கையில் இருப்பவரும் வார் அணிந்தாரா என்று திரும்பிப் பாருங்கள். அதற்கு ஆகும் நேரம் நொடிப்பொழுதுதான். அன்று அந்த நொடியைச் செலவிடாததன் அடையாளத்தை என் மகள் இன்னும் நெற்றியில் சுமக்கிறாள்.

பேத்தி இப்போது தன் காரில் போய்வருகிறாள். கஞ்சில் பழையபடி முற்றத்தில் நிற்கிறது. பாயான் பாருச் சந்தைக்கும், எப்போதேனும் தண்ணீர்மலைக்கும் அதில் போகிறோம். சென்ற முறை தண்ணீர்மலைக்குப் போனபோது என் மகளும் உடன் வந்தாள். பின்னிருக்கையில் அமர்ந்தவள், நான் கேட்குமுன்பே வாரை இழுத்து மாட்டினாள். அது 'கிளிக்' என்று பூட்டிக்கொண்ட ஓசையைக் கேட்ட பிறகே நான் வண்டியை எடுத்தேன்.